உடலுக்குள் வெளிச்சம் – 9: ஒன்பது நாளும் ஒரு துடிப்பும்

சென்ற பகுதியை நியூமோஎன்செஃபலோகிராம் என்ற பரிசோதனையில் நிறுத்தியிருந்தோம். 1919இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் வால்டர் டாண்டி தொடங்கிவைத்த முறை அது. நோயாளியின் முதுகில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அதற்குப் பதிலாகக் காற்றை ஏற்றுவார்கள். காற்று மேலேறி மூளையின் அறைகளை நிரப்பும். பிறகு அவரை நாற்காலியில் வார்போட்டுக் கட்டி, முன்னால் சாய்த்து, பின்னால் சாய்த்து, சில சமயம் தலைகீழாகவே கவிழ்த்து எக்ஸ்ரே எடுப்பார்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வாந்தியும் நாள்கணக்கில் நீடிக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் படத்தில் கட்டி தெரியாது. காற்று நிரம்பிய அறை இடம்பெயர்ந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, அதை அழுத்துகிற கட்டி எங்கே இருக்கலாம் என்று ஊகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை, காற்று கறுப்பு. மூளை, ரத்தம், நீர், கட்டி எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல். போதாக்குறைக்கு, தலைக்குள் இருக்கும் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே ஃபிலிமில் விழுகின்றன. 1970 வரை உலகின் பெரிய மருத்துவமனைகளிலும் இதுதான் நிலைமை.

அந்த நிலைமையை மாற்றியது சி.டி. ஸ்கேன். அதன் வரலாற்றைச் சொல்ல ஒரு கடிகாரம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் படத்துக்கான அளவீடுகளை எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. இன்றைய இயந்திரம் கால் நொடியில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. இடையில் நேரம் குறையக் குறைய உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மருத்துவரின் கண்ணுக்கு வந்தன. முதலில் தலை, அடுத்து வயிறு, அதற்கடுத்து நெஞ்சு, கடைசியாக இதயம். அசையாமல் இருப்பது முதலில் அகப்பட்டது; ஓயாமல் துடிப்பது கடைசியில் அகப்பட்டது.

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், நியூவார்க் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் வளர்ந்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. பிறந்தது 1919இல். ஐந்து பிள்ளைகளில் கடைசி. அண்ணன் அக்காமார்களின் விளையாட்டில் சேர வேண்டிய கட்டாயம் இல்லாததால், பண்ணை இயந்திரங்களோடு பொழுதைக் கழித்தார். சொந்தமாகச் செய்த கிளைடரைக் கட்டிக்கொண்டு வைக்கோல் போரின் உச்சியிலிருந்து குதித்தார். பள்ளியில் கணக்கும் இயற்பியலும் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் ரேடார் கற்றார், கற்பித்தார். போருக்குப் பின் லண்டனில் ஒரு மின்பொறியியல் கல்லூரியில் டிப்ளமோ. பல்கலைக்கழகப் பட்டம் அவரிடம் கடைசிவரை இல்லை.

இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை. பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே இ.எம்.ஐ. தான். அங்கே 1950களின் இறுதியில், முழுக்க டிரான்சிஸ்டர்களால் ஆன பிரிட்டனின் முதல் கணினிகளில் ஒன்றான எமிடெக் 1100ஐ உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன்பின் அவர் எடுத்துக்கொண்ட கணினி நினைவகத் திட்டம் வியாபாரத்துக்கு உதவாது என்று கைவிடப்பட்டது. வேறு ஏதாவது யோசித்துச் சொல் என்று நிறுவனம் அவகாசம் கொடுத்தது. 1967இல் அவர் யோசித்துச் சொன்னது இது: ஒரு மூடிய பெட்டியைத் திறக்காமல், எல்லாக் கோணங்களிலிருந்தும் அதனூடாகக் கதிரைச் செலுத்தி அளந்தால், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டே சொல்லிவிடலாம்.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு சதுரத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 7. கீழ் வரிசை 9. இடது பக்கம் மேலிருந்து கீழே கூட்டினால் 6, வலது பக்கம் 10. இவ்வளவு தெரிந்தும் விடை கிடைக்காது. பல விடைகள் பொருந்தும். குறுக்காக ஒரே ஒரு கூட்டலைச் சேர்ப்போம்: மேல் இடது கட்டமும் கீழ் வலது கட்டமும் சேர்ந்தால் 7. இப்போது ஒரே விடைதான் நிற்கும். மேலே 2, 5. கீழே 4, 5. பெட்டியைத் திறக்கவே இல்லை.

உடலினூடே பாயும் எக்ஸ் கதிர் செய்வதும் இதே கூட்டல்தான். வழியில் சந்திக்கும் ஒவ்வொரு திசுவும் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும். மறுபக்கம் வந்து சேர்வதை அளந்தால் மொத்த உறிஞ்சலின் கூட்டுத்தொகை கிடைக்கும். கோணத்தை மாற்றி மாற்றி அளந்தால் கூட்டுத்தொகைகள் பெருகும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் பிரித்தெடுக்கலாம். ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் இயந்திரத்தில் கட்டங்கள் 80க்கு 80, ஆக 6,400. அளவீடுகள் சுமார் 28,000. சி.டி. என்பது கேமராவில் பிடித்த படம் இல்லை, கணக்குப் போட்டு வரைந்த படம். அதனால்தான் கணினி ஆள் ஒருவருக்கு இது தோன்றியது.

உண்மையில் அவருக்கு மட்டும் தோன்றவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1956இல் பகுதிநேரமாக வேலை பார்த்த ஆலன் கார்மக் என்ற இயற்பியலாளர் இந்தக் கேள்வியை முன்பே எடுத்துக்கொண்டார். புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது உடல் முழுவதும் ஒரே பொருளால் ஆனதுபோல் அளவைக் கணக்கிடுகிறார்களே, எலும்பும் நுரையீரலும் ஒன்றா என்பது அவருடைய உறுத்தல். கணித வழியைக் கண்டுபிடித்து, அலுமினியமும் மரமும் கொண்ட உருளையில் சோதித்து, 1963இலும் 1964இலும் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். மருத்துவ உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த ஒருசில விசாரிப்புகளில் ஒன்று, சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவை ஆராயும் மையத்திலிருந்து. இதே கணக்கின் அடிப்படையை ஆஸ்திரியரான யோஹான் ராடோன் 1917லேயே எழுதிவைத்திருந்தார் என்பது கார்மக்குக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நரம்பியல் மருத்துவர் வில்லியம் ஓல்டன்டார்ஃப், பொம்மை ரயில் தண்டவாளத்தை வைத்து 1961இல் ஒரு மாதிரி செய்து காட்டினார். அதையும் தயாரிக்க எந்த நிறுவனமும் முன்வரவில்லை. கணினி இன்னும் அந்த வேலைக்குத் தயாராகவில்லை என்பதுதான் அவர்கள் காலத்தின் துரதிர்ஷ்டம்.

ஹவுன்ஸ்ஃபீல்டு பட்டறையில் கிடந்த ஒரு பழைய லேத் இயந்திரத்தின் அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள், எதிர்ப்பக்கம் டிடெக்டர், நடுவே சோதனைப் பொருள். கதிர் ஒரு கோடாக நகர்ந்து அளக்கும். பிறகு பொருளை ஒரு பாகை திருப்பி மறுபடி அளக்கும். அமெரிசியத்தின் காமா கதிர் மிக மெலிதானது. அதனால்தான் ஒன்பது நாள். அந்த எண்களைக் கணினியில் ஏற்றிப் படமாக்க மேலும் இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே குழாயைப் பொருத்தியதும் ஒன்பது நாள் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கியது.

அருங்காட்சியகத்திலிருந்து பதப்படுத்திய மனித மூளை ஒன்று கிடைத்தது. படம் அற்புதமாக வந்தது. மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் தனித்தனியே தெரிந்தன. அந்த அளவுக்குத் தெளிவாக வந்ததே பிறகு கவலையாயிற்று. பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் திரவம் அந்த வேறுபாட்டை மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று புரிந்தது. பதப்படுத்தாத மூளை வேண்டும். காளை மாட்டின் மூளையைத் தேடிப் போனார்கள். சாதாரணமாக அறுப்பதற்கு முன் மாட்டின் தலையில் அடித்து மயக்குவார்கள். மூளையில் ரத்தம் கட்டிவிடும். யூத முறைப்படி அறுக்கும் கடைகளில் அப்படி அடிப்பதில்லை. அந்தக் கடைகளிலிருந்து மூளையை வாங்கி, லண்டனின் மறுகோடியில் இருந்த ஆய்வகத்துக்குச் சுமந்து வந்தார்கள். அவற்றிலும் வேறுபாடு தெரிந்தது, முன்னளவுக்கு இல்லாவிட்டாலும் போதுமான அளவுக்கு.

பீட்டில்ஸ் பாடல்கள் ஈட்டிய பணத்தில்தான் சி.டி. பிறந்தது என்று ஒரு கதை உலகமெங்கும் உலவுகிறது. கேட்க இனிமையான கதை. ஆனால் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை இதற்காகச் செலவழித்த தொகை இ.எம்.ஐ. செலவழித்ததைவிட அதிகம். நிபுணர்கள் பலர் உதட்டைப் பிதுக்கிய வேளையில், மக்களின் வரிப்பணத்தை நம்பிக்கையோடு ஒதுக்கிய அந்த அதிகாரிகளுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ஹவுன்ஸ்ஃபீல்டை விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸிடம் சேர்த்துவிட்டதும் அந்தத் துறைதான். ஆம்ப்ரோஸ் தென்னாப்பிரிக்கர், போர்க்காலத்தில் விமானி. பேச்சில் கெட்டிக்காரரல்லாத ஹவுன்ஸ்ஃபீல்டு சொன்னதை முதலில் அவராலும் முழுதாக நம்ப முடியவில்லை. ஆனாலும் மாதிரிகளைக் கொடுத்துப் பார்த்தார். வந்த படங்களைப் பார்த்ததும் அந்த வேலையோடு தன்னைப் பிணைத்துக்கொண்டார்.

1971 அக்டோபர் 1. நாற்பதுகளில் இருந்த ஒரு பெண். மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம். படுக்க வைத்து, தலையை ரப்பர் உறை வழியாக ஒரு நீர்ப்பெட்டிக்குள் செலுத்தினார்கள். கதிர் கடந்து வரும் வழி எல்லாக் கோணத்திலும் ஒரே நீளமாக இருந்தால்தான் அன்றைய கணக்கு சரியாக வரும், அதற்காகவே நீர். ஒரு முறை ஓடி முடிக்க ஐந்து நிமிடத்துக்கு நெருக்கமாக ஆனது. படம் அங்கே வரவில்லை. காந்த நாடாவில் பதிந்த எண்களை இ.எம்.ஐ.யின் கணினிக்குக் கொண்டுபோய், கணக்கிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இடது முன்மூளையில் கரிய வட்டமாக ஒரு நீர்க்கட்டி. அறுவை மருத்துவர் மண்டையைத் திறந்தபோது படத்தில் இருந்த இடத்தில், படத்தில் இருந்த வடிவத்திலேயே அது இருந்தது. முதுகில் ஊசி இல்லை, காற்று இல்லை, தலைகீழாகக் கவிழ்க்கவில்லை.

அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு என்று சொன்னேன். அந்த எண்களுக்கு இன்று ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்றே பெயர். தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. கெட்டியான எலும்பு 1000ஐயும் தாண்டும். மூளைத் திசு ஏறக்குறைய 30, 40. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60, 80. வெறும் எக்ஸ்ரேக்கு ஒரே சாம்பலாகத் தெரிந்த மூளையும் ரத்தமும் இங்கே இரண்டு மடங்கு வித்தியாசத்தோடு பிரிந்து நிற்கின்றன. நள்ளிரவில் ஒரு டூட்டி டாக்டர் திரையைப் பார்த்த மாத்திரத்தில் ரத்தக்கசிவு என்று சொல்ல முடிவது இந்த இடைவெளியால்தான்.

இதே 1971இல், அந்தப் பெண்ணின் தலை நீர்ப்பெட்டிக்குள் போவதற்கு முந்தைய மாதம், அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சி.வி. ராமனின் மாணவர். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்து, துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் ஆதரவில் உயிர் இயற்பியலுக்கு உலகத் தரமான ஒரு துறையைக் கட்டியெழுப்பினார். தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் புரதம் முப்புரிச் சுருள் வடிவம் கொண்டது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னது இங்கிருந்துதான். புரத அறிவியல் படிப்போர் யாரும் தாண்டிச் செல்ல முடியாத ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் பிறந்ததும் இங்கேதான். 1971 கட்டுரை வந்த சமயத்தில் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு மாறியிருந்தார்.

கட்டுரையின் பொருள், பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் உள் வடிவத்தை மீட்பது. ஹவுன்ஸ்ஃபீல்டின் வழி, ஓர் ஊகத்தில் தொடங்கித் திருத்தித் திருத்திக் கடைசி விடைக்கு வருவது. நிறைய நேரம் பிடிக்கும். இன்னொரு எளிய வழி, ஒவ்வொரு அளவீட்டையும் அது வந்த பாதை நெடுகிலும் திரும்பப் பூசி, எல்லாக் கோணங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது. வேகமாக முடியும், ஆனால் படம் மங்கிப்போகும். ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புகைபோல் ஒளி படரும். மூன்றாவது வழி ஃபூரியே மாற்றம், அன்றைய கணினிக்குப் பெருஞ்சுமை. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் பூசுவதற்கு முன் ஒரு படி சேர்த்தார்கள். ஒவ்வொரு வரிசை அளவீட்டையும் ஒரு குறிப்பிட்ட எண் வரிசையோடு பெருக்கிக் கூட்டிச் சீர்ப்படுத்திவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வோர் அளவின் இருபுறமும் சிறு எதிர்மதிப்புகள் உருவாகும். எல்லாவற்றையும் பூசி முடிக்கும்போது புகை தன்னால் கழிந்துபோய்ப் புள்ளி கூர்மையாக நிற்கும். ஃபூரியே மாற்றமே வேண்டாம். ஒரு கோணத்தின் அளவீடு வந்ததுமே அதற்கான கணக்கைத் தொடங்கிவிடலாம். மற்றவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வானொலி வானியலில் ரொனால்ட் பிரேஸ்வெல்லும் ரிடிலும் இதை ஒத்த வழியை 1967இல் எழுதியிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் இ.எம்.ஐ. இயந்திரம் ராமச்சந்திரன் முறையைப் பயன்படுத்தவும் இல்லை. ஆனால் 1970களின் நடுவிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் சி.டி. இயந்திரங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் படம் கொடுத்தன. அந்த எண் வரிசைக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் ராம்-லக் ஃபில்டர். பொறியியல் கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் மேட்லாப் மென்பொருளில் சி.டி. படத்தை மீட்கும் கட்டளையைக் கொடுத்து வேறெதுவும் சொல்லாமல் விட்டால், அது தானாக எடுத்துக்கொள்வது ராம்-லக்கைத்தான். 1979இல் மருத்துவ நோபல் பரிசு, ஒருவரையொருவர் அறியாமல் உழைத்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் போனது. முறையான முடிவுதான். ஆனால் கொலாஜனுக்காகவும் வரைபடத்துக்காகவும் ராமச்சந்திரனைக் கொண்டாடுகிற நாம், நம் தெருமுனை ஸ்கேன் சென்டர்வரை வந்து சேர்ந்த இந்த ஐந்து பக்கத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே பேசுவதில்லை. அவர் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இனி கடிகாரத்துக்குத் திரும்புவோம். தலையை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்திருக்கலாம். வயிற்றை வைத்திருக்க முடியாது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் கல்லீரலும் கணையமும் சிறுநீரகமும் மேலும் கீழும் போய்வரும். 1974இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லெட்லி முழு உடலையும் பார்க்கும் இயந்திரத்தைச் செய்தார். அடிப்படையில் அவர் ஒரு பல் மருத்துவர். 1975 வாக்கில் கதிரை விசிறிபோல் விரித்து, டிடெக்டர்களை வரிசையாக வைத்ததும், ஒரு படத்துக்கு சுமார் 20 நொடி போதும் என்றாயிற்று. 20 நொடி மூச்சை அடக்கிக்கொள்ளப் பலராலும் முடியும். வயிற்றின் பின்சுவரில் ஒளிந்துகிடந்த கணையம் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. கல்லீரலில் சீழா கட்டியா என்பதைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்திச் சதை எடுக்கும் பயாப்ஸி வந்தது. அதுவரை வயிற்றுக்குள் என்ன என்று தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்து பார்ப்பதே பரிசோதனை. அந்த வகை அறுவைகள் அருகிப்போனதற்கு முதல் காரணம் சி.டி.

அடுத்த தடை ஒரு கேபிள். எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள், குழாய் சுற்றும்போது கூடவே சுற்றிக்கொள்ளும். முளைக்குச்சியில் கட்டிய மாடு சுற்றிச் சுற்றிக் கயிறு தீர்ந்து நிற்பதுபோல, ஒரு சுற்று முடிந்ததும் இயந்திரம் நின்று எதிர்ப்பக்கம் சுற்றிக் கேபிளைப் பிரிக்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில், தொட்டபடியே நழுவும் உலோக வளையங்கள் வழியாக மின்சாரம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. குழாய் நிற்காமல் சுற்றலாம். நிற்காமல் சுற்றும்போது படுக்கையையும் நிறுத்தாமல் நகர்த்தினால் என்ன என்று ஜெர்மனியின் வில்லி காலெண்டர் கேட்டார். 1989இல் அதைச் செய்து காட்டினார். கதிர் உடலைச் சுருளாகச் சுற்றி வருவதால் ஸ்பைரல் சி.டி. என்று பெயர். துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய உடல், ஒரே மூச்சில் முழுத் தொகுதியாகக் கிடைத்தது.

இதனால் அதிகம் பயன்பெற்றது நெஞ்சு. காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று புறப்பட்டு நுரையீரல் தமனியை அடைத்தால், ஆள் சில நிமிடங்களில் இறக்கவும் கூடும். முன்பெல்லாம் அதை உறுதி செய்ய இதயத்தின் வழியாகக் குழாய் செலுத்த வேண்டும். 1992இல் பிரான்சின் லில் நகரில் மார்ட்டின் ரெமி-ஜார்டின் குழுவினர், ரத்தக்குழாயைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கைச் சிரையில் ஊசியாகப் போட்டு, ஒரு மூச்சடக்கலுக்குள் ஸ்பைரல் சி.டி. எடுத்து, அந்தக் கட்டியை நேரடியாகக் காட்டினார்கள். சாலை விபத்தில் அடிபட்டு வருபவருக்குத் தலை முதல் இடுப்பு வரை ஒரே ஓட்டத்தில் பார்க்க முடிவதும் இதன் தொடர்ச்சிதான். மண்ணீரல் கிழிந்திருக்கிறதா, கழுத்தெலும்பு முறிந்திருக்கிறதா என்று பகுதி பகுதியாகத் தேடி நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

நேரத்தின் மதிப்பு பக்கவாதத்தில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. கை கால் விழுந்து, வாய் கோணி வருகிற ஒருவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருந்தோ நேரெதிர். அடைப்பு என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. கசிவு உள்ளவருக்கு அதே ஊசி எமன். 1995இல் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, அடைப்பு ஏற்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட்டால் கூடுதல் பேர் ஊனமின்றி மீள்கிறார்கள் என்று காட்டியது. ஊசிக்கு முன் சி.டி. எடுத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்தே தீர வேண்டும். நோயாளி ஸ்கேனுக்கு வரக் காத்திருப்பானேன், ஸ்கேன் நோயாளியிடம் போகட்டும் என்று ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் கிளாவ்ஸ் ஃபாஸ்பெண்டர் 2008இல் ஆம்புலன்ஸுக்குள்ளேயே சி.டி. இயந்திரத்தை ஏற்றினார். இப்போது ரத்த ஓட்டத்தையே படமாக்கும் சி.டி. முறைகள் இருப்பதால், எந்தப் பகுதி இறந்துவிட்டது, எது இன்னும் காப்பாற்றத்தக்கது என்று பிரித்தறிந்து, தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்தி அடைப்பை எடுக்கிறார்கள்.

கடைசிக் கோட்டை இதயம். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்தில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அது ஏறக்குறைய அசையாமல் இருக்கும் இடைவெளி நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்குள் படம் எடுத்தாக வேண்டும். 1998இல் ஒரே சுற்றில் நான்கு படம் தரும் இயந்திரங்கள் வந்தன. 2004இல் 64. ஆனாலும் குழாயைச் சுழற்றும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு டன்னுக்குக் குறையாத எடை வட்டமாகப் பறக்கும்போது வளையத்தையே பிய்த்துவிடப் பார்க்கும். 2005இல் சீமென்ஸ் நிறுவனம் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டை வைத்தது. ஒவ்வொன்றும் கால் சுற்று சுற்றினால் போதும். படத்துக்கு 83 மில்லி நொடி. இதய ரத்தக்குழாயின் சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணாம்பும், தொடையில் குழாய் செலுத்தாமலே தெரிந்தன. நம் ஊர் மருத்துவமனைகளில் இந்த ஸ்கேனுக்கு முன் துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுப்பது, அந்த அமைதியான இடைவெளியை இன்னும் கொஞ்சம் நீட்டத்தான். ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. வழக்கமான பரிசோதனை மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் மாரடைப்போ இதயநோய் மரணமோ கண்டவர்கள் 3.9 சதவீதம். கூடவே சி.டி.யும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம். ஸ்கேன் யாரையும் குணப்படுத்தவில்லை. யாருக்கு மருந்து தேவை என்று சரியாக அடையாளம் காட்டியது.

அண்மைய பாய்ச்சல் டிடெக்டரில் நடந்தது. இதுவரை டிடெக்டர் எக்ஸ் கதிரை முதலில் ஒளியாக்கி, அந்த ஒளியை மின்சாரமாக்கி, மொத்தமாக அளந்தது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதுவகை இயந்திரம், காட்மியம் டெல்லுரைடு படிகத்தில் வந்து விழும் ஃபோட்டான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுகிறது; அதன் ஆற்றல் எவ்வளவு என்றும் குறித்துக்கொள்கிறது. சுண்ணாம்பு எது, கான்ட்ராஸ்ட் மருந்தின் அயோடின் எது என்று பொருளையே இனம் பிரிக்கலாம். குறைந்த கதிரில் கூர்மையான படம். இந்தியாவிலும் இத்தகைய இயந்திரங்கள் வரத் தொடங்கிவிட்டன.

இவ்வளவு எளிதானதில் ஒரு கேடும் சேர்ந்தே வந்தது. ஒன்பது நாள் ஆனபோது யாரும் தேவையில்லாமல் எடுத்திருக்க மாட்டார்கள். பத்து நொடி என்றானதும் எடுத்துப் பார்த்துவிடலாமே என்ற எண்ணம் மருத்துவருக்கும் வருகிறது, நோயாளிக்கும் வருகிறது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, மூச்சுத்திணறல் இல்லாதவர்கள்கூட ஸ்கேன் சென்டர் வாசலில் நின்றதும், 25க்கு எத்தனை ஸ்கோர் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதும் நமக்கு மறந்திருக்காது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் உடல் பெறும் கதிர் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வழக்கமான நெஞ்சு சி.டி.யில் சுமார் 5 முதல் 7 வரை. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஓராண்டில் நமக்கு வந்து சேர்வது உலக சராசரியாக 2.4. ஒரு ஸ்கேனால் ஒருவருக்கு வரக்கூடிய ஆபத்து மிகச் சிறியது. தேவையான இடத்தில் ஸ்கேனைத் தவிர்ப்பதால் வரும் ஆபத்தோ பெரியது. ஆனால் குழந்தைகளின் திசுக்கள் கதிரால் எளிதில் பாதிக்கப்படுபவை, அவர்கள் முன்னே வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம். குறைந்த கதிரே போதும் என்பதற்கும் சான்று உண்டு. நெடுநாள் புகைபிடித்த 53,454 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சுமார் 1.5 மில்லிசீவர்ட்டிலேயே நுரையீரல் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டு, அந்நோயால் ஏற்படும் மரணத்தை 20 சதவீதம் குறைக்க முடிந்தது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவர் சி.டி. எழுதிக்கொடுத்தால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அவர் எழுதாதபோது நீங்களாகக் கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம். குழந்தைக்கு என்றால், அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கருவுற்றிருந்தாலோ, சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, முன்பு கான்ட்ராஸ்ட் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, அறைக்குள் போகும் முன் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். பழைய ஸ்கேனின் ஃபிலிமையும் குறுந்தட்டையும் பத்திரமாக வைத்திருந்து அடுத்த மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பல சமயம் அதுவே இன்னொரு ஸ்கேனை மிச்சப்படுத்தும்.

அடுத்த பகுதியில், எக்ஸ் கதிரே இல்லாமல், காந்தத்தையும் ரேடியோ அலையையும் கொண்டு 1973இல் இரண்டு சிறு நீர்க்குழாய்களைப் படமாக்கிய பால் லாட்டர்பரைச் சந்திப்போம்.

(தொடரும்)